விடுபட்ட பெயர்கள்: ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் 2003ஆம் ஆண்டுப் பயணம்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பொறுப்பாளர்கள் பணித்தனர். செஞ்சிக் கோட்டையைப் பற்றியோ பனமலைப் பல்லவர் கோயிலைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அனந்தபுரத்தார்க்கு அவ்விரண்டும் அண்மையில் உள்ளவை. அறிஞர் பலரால் விரிவாக ஆராயப்பட்டவை. நான் எடுத்துக்கொண்ட பொருளோ கால்பந்தாட்டம். தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்னும் வினா எழக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பழைய ஏடு

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பரணைத் தூய்மை செய்தபோது, என் அண்ணன் பள்ளி நாள் தொட்டு நாளிதழ்ச் செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருந்த ஏடு ஒன்று கிடைத்தது. பெரும்பாலானவை கால்பந்துச் செய்திகள். 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களுக்குரிய பக்கத்தில், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் கோப்பை வென்ற செய்தி இருந்தது. அதன் ஓரத்தில் அண்ணன் பென்சிலால் ‘குலோத்துங்கன், தஞ்சாவூர்’ என்று எழுதியிருந்தார். அச்சிட்ட செய்தியில் அப்பெயர் இல்லை.

அந்நாளில் நான் முதுகலை மாணவி. அண்ணன் விழுப்புரத்தில் பள்ளி அணிக்கு விளையாடியவர், கோல் காப்பாளர். வேலியோரம் நின்று அவர் ஆட்டத்தைப் பார்ப்பதும், இடைவேளையில் தண்ணீர்ச் செம்பை நீட்டுவதும் என் பங்கு. ஒருமுறை அவர் அணி கோப்பை வென்றது. இறுதியாட்டத்தில் காயத்தினால் அண்ணன் வெளியே அமர்ந்திருந்தார். பள்ளியில் மாட்டிய படத்திலும், படத்தின் கீழிருந்த பட்டியலிலும் அவர் இல்லை. முந்தைய ஆட்டங்கள் அனைத்திலும் கோலைக் காத்தவர் அவரே. அதைப் பற்றி அவர் என்றும் பேசியதில்லை. ஆயினும் பிறர் விட்ட ஒரு பெயரைத் தம் ஏட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார். அந்தப் பென்சில் எழுத்தே இக்கட்டுரைக்கு வித்து.

பட்டியலில் பிறந்த கழகம்

ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் தோற்றமே விடுபட்ட ஒரு பெயரால் நேர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1920ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் கூச் பெஹார் கோப்பைக்கான ஆட்டத்தில் ஜோராபகான் கழகமும் மோகன் பகான் கழகமும் மோதின. கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரை ஜோராபகான் தன் அணியில் சேர்க்கவில்லை. அவரைச் சேர்க்குமாறு அக்கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வற்புறுத்தியும் பயனில்லை. கிழக்கு வங்கத்தார் என்பதனாலேயே ஒதுக்கப்பட்டனர் என்னும் மனப்புண்ணோடு வெளியேறிய சௌத்ரி, நண்பர்களுடன் சேர்ந்து 1920 ஆகஸ்டு முதல் நாளில் ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தோற்றுவித்தார்.

இதற்கு ஒன்பதாண்டு முன்னர், 1911 ஜூலை 29இல், மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யார்க்சயர் படையணியை 2–1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியிருந்தது. வெறுங்காலுடன் ஆடிய இந்தியர் காலணி அணிந்த ஆங்கிலப் படையினரை வீழ்த்திய நிகழ்ச்சி அது. விடுதலை இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. அவ்வெற்றியின் பெருமைக்குரிய நகரிலேயே கிழக்கத்தியர் தமக்கெனத் தனிக் கழகம் காண நேர்ந்தது என்பதை உடன்வைத்துக் காணல் வேண்டும். பெருவெற்றி ஒன்று அனைவரையும் தழுவிக்கொண்டது போலத் தோன்றும். அதன் நிழலில் நின்றவர்களைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது கிழக்கு வங்கத்திலிருந்து பல இலட்சம் மக்கள் கொல்கத்தாவை அடைந்தனர். வீடும் நிலமும் ஆறும் தோணியும் விட்டு வந்தோர்க்குத் தம் ஊரின் பெயரைத் தாங்கி நின்ற ஒன்றாக இக்கழகம் விளங்கிற்று. நாட்டுப்படத்தில் கிழக்கு வங்கம் என்ற பெயர் பின்னர்க் கிழக்குப் பாகிஸ்தான் என்றும் வங்கதேசம் என்றும் மாறியது. பழம்பெயர் கழகத்தின் பெயராகவும் அதன் சிவப்பும் பொன்னிறமும் கொண்ட கொடியாகவும் எஞ்சியது.

தென்னாட்டு ஐவர்

அகதிகளாய் வந்தோரின் அக்கழகத்திற்குப் புகழ் தேடித் தந்தவர்கள் தென்னாட்டவர் என்பது வியப்புக்குரியது. 1949 முதல் 1953 வரை அக்கழகத்தின் முன்களத்தில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் வங்க மக்கள் பஞ்ச பாண்டவர் என அழைத்தனர். அப்பாராவ் ஆந்திரத்தார்; சாலே கேரளத்தார்; அகமது கான் பெங்களூர் தந்த செல்வம். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே வாய்த்தது.

பாண்டவர் என்னும் பெயர் நம் வட்டாரத்தார்க்கு ஏட்டளவில் நிற்கும் பெயரன்று. செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாகக் கொண்டாடும் மரபுடையோர் நாம். கோடைதோறும் பாரதம் படித்து, கூத்துக் கட்டி, தீமிதித்து முடிக்கும் ஊர்கள் நம்மைச் சூழ்ந்துள்ளன. எங்கோ கங்கைக் கரையில் ஐந்து தென்னாட்டு இளைஞர்க்கு இப்பெயர் சூட்டப்பட்டது என்று வகுப்பில் கூறியபோது, கூத்துக்குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து, “அப்படியானால் அங்கே அரவான் யார், அம்மா?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. நானும் நகைத்தேன். அன்றிரவு அவ்வினா என்னை விட்டபாடில்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோர்

காலம் செல்லக் கொல்கத்தாவின் களங்கட்குக் கடல் கடந்தும் ஆட்டக்காரர் வரலாயினர். 1980கள் தொட்டு நைஜீரியாவின் சீமா ஓகோரி மூன்று பெருங்கழகங்களிலும் ஆடிப் பெரும்பெயர் பெற்றார். 2003ஆம் ஆண்டில் ஈஸ்ட் பெங்காலின் அணித்தலைவர் கானா நாட்டவரான சுலே மூசா. முன்களத்தில் நைஜீரியாவின் மைக் ஓகோரோ. நடுக்களத்தில் பிரேசில் நாட்டின் டக்ளஸ் டா சில்வா. வங்க அகதிகளின் கழகத்தைத் தலைமையேற்று நடத்தியவர் மேற்கு ஆப்பிரிக்கர் ஒருவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அவர்கள் பிறந்த மண்ணின் ஆட்ட வரலாற்றையும் சிறிது நோக்குதல் தகும். ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்ற காலத்தில், நாடுதோறும் வாகை சூடிய கழகங்கள் தம்முள் மோதும் கண்டப் போட்டி தோன்றியது. அதன் முதல் இறுதியாட்டம் 1965இல் கானாவின் தலைநகர் அக்ராவில் நடந்தது. கேமரூனின் ஓரிக்ஸ் துவாலா, மாலி நாட்டின் ஸ்டேட் மாலியன் கழகத்தை 2–1 என வென்றது. புதிதாய்ப் பிறந்த நாடுகட்கு அக்கழகங்கள் தூதர்களைப் போல விளங்கின.

1967ஆம் ஆண்டுப் போட்டி நம் கருத்துக்கு மிகவும் இயைவது. கானாவின் குமாசி நகரத்து அசாந்தே கொட்டோக்கோ கழகமும், காங்கோவின் டி.பி. எங்கிள்பெர்ட் கழகமும் இறுதியில் எதிர்ப்பட்டன. கொட்டோக்கோ என்பது முள்ளம்பன்றியைக் குறிக்கும் சொல். முதலாட்டம் 1–1, இரண்டாவது 2–2. மூன்றாம் ஆட்டத்தை யாவுண்டேயில் நடத்துவதென முடிவாயிற்று. அச்செய்தி கானாவின் கால்பந்துச் சங்கத்துக்குச் சென்றது. அங்கிருந்து கழகத்துக்குச் சென்று சேரவில்லை. கொட்டோக்கோ களத்துக்கு வரவில்லை என்று கூறிக் கோப்பை எங்கிள்பெர்ட்டுக்கு வழங்கப்பட்டது. தோற்காமலே தோற்றவர் ஆயினர் குமாசி இளைஞர். 1970ஆம் ஆண்டுப் போட்டியில் அதே எங்கிள்பெர்ட்டை வென்று கோப்பை கொண்டனர் என்பது ஆறுதல். ஆயினும் 1967க்குரிய பட்டியலில் வென்றவர் பெயர் மாறவில்லை. சேராத செய்தி ஒன்றும் வரலாற்றை எழுதிவிடுகிறது.

ஜகார்த்தாவின் ஜூலை

இனி 2003ஆம் ஆண்டுப் பருவத்துக்கு வருவோம். சுபாஷ் பௌமிக் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் அவ்வாண்டு இந்தியாவின் தேசியக் குழுப்போட்டியில் வாகை சூடியிருந்தது. தென்கிழக்காசியக் கழகங்களுக்கான ஆசியான் கோப்பையில் பங்குகொள்ள அழைப்பு அணியாக அக்கழகம் ஜகார்த்தா சென்றது. இது கண்டம் முழுவதற்குமான போட்டியன்று, ஒரு வட்டாரத்துக்குரியது. எனினும் எதிர்ப்பட்ட அணிகள் எளியன அல்ல.

முதல் எதிரி தாய்லாந்தின் பெக் டெரோ சாசனா. அவ்வாண்டிலேயே ஆசிய வாகையர் போட்டியின் இறுதி வரை சென்ற கழகம் அது. முதலாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 0–1 எனத் தோற்றது. அடுத்து பிலிப்பைன்ஸ் படையணியை 6–0 என வென்று காலிறுதி கண்டது. காலிறுதியில் இந்தோனேசியாவின் பெர்சிதா தாங்கெராங் அணியை 2–1 என வீழ்த்தியது. அரையிறுதியில் பெட்ரோகிமியா புத்ரா அணியுடன் ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடியவே, பெனால்டி உதைகளில் 7–6 என வெற்றி கிட்டியது. சந்தீப் நந்தி அன்று கோலைக் காத்தார். அவ்விரண்டு அணிகளும் முந்தைய ஆண்டு இந்தோனேசியப் பெரும்போட்டியின் இறுதியில் தமக்குள் மோதியவை என்பதை நினைவிற் கொண்டால், அந்நாட்டு மக்கள் நடுவே அவற்றை வென்றதன் அருமை புலப்படும்.

ஜூலை 26ஆம் நாள் இறுதியாட்டம். மீண்டும் பெக் டெரோ சாசனா. மைக் ஓகோரோ, பாய்ச்சுங் பூட்டியா, அல்விட்டோ டி’குன்ஹா ஆகியோர் ஆளுக்கொரு கோல் அடிக்க, 3–1 எனக் கோப்பை கொல்கத்தாவுக்கு வந்தது. முதல் நாள் தோற்கடித்தவரையே கடைசி நாளில் வென்றனர். அப்போட்டியில் அக்கழகம் அடித்த கோல்கள் 12. அவற்றுள் 9 பூட்டியா அடித்தவை. சிக்கிம் மாநிலத்து மலைச்சிற்றூரில் பிறந்த அவ்வீரர் அப்போட்டியின் தலைசிறந்த கோலடிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் புகழ் அவருக்கு உரியதே.

ஆயின் இப்பயணத்தில் மிகப் பெரிய செயல் எது என்று என்னைக் கேட்டால், அது கோல் எண்ணிக்கையில் இடம்பெறாதது என்பேன். பெர்சிதாவுடனான ஆட்டத்தில் தேப்ஜித் கோஷ் மோதி வீழ்ந்து நினைவிழந்தார், மூச்சு நின்றது. டக்ளஸ் ஓடிவந்து தம் வாயினால் மூச்சளித்தார். அணி மருத்துவர் சாந்தி ரஞ்சன் தாஸ்குப்தா உடன் நின்றார். தேப்ஜித் பிழைத்தார். ஓர் உயிரைக் காத்த அச்செயலுக்கு ஆட்டப் பட்டியலில் கட்டம் ஏதுமில்லை. கோலடித்தவர்க்கு ஒரு கட்டம். தவறிழைத்து மஞ்சள் அட்டை பெற்றவர்க்கும் ஒரு கட்டம். மூச்சுக் கொடுத்தவர்க்கு இல்லை. அந்நிகழ்ச்சி இன்றும் வழங்குவது, பார்த்தவர்கள் பிறர்க்குச் சொன்னதால்.

தஞ்சைப் பெயர்

அந்த அணியில் இருந்தவர் தஞ்சாவூரைச் சேர்ந்த காலியா குலோத்துங்கன். நடுக்கள ஆட்டக்காரர். நடுக்களம் என்பது பின்னிருந்து பந்தை வாங்கி முன்னிருப்பவர்க்கு ஈயும் இடம். ஓடும் தொலைவு மிகுதி. கோலடிக்கும் வாய்ப்புக் குறைவு. கோலடித்தவரை நோக்கிக் கூட்டம் ஆர்ப்பரிக்கையில், மூன்று உதைகளுக்கு முன் பந்தைத் திருப்பியவரை நினைப்பார் அரியர். ஜகார்த்தாவில் கோலடித்தோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் அண்ணன் எழுதி வைத்தது அந்தப் பெயரைத்தான்.

அப்பெயரைக் கேட்ட அளவில் தமிழ் பயின்றோர்க்கு வேறொன்று நினைவில் எழும். முதற் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறியது கி.பி. 1070இல். அவன் காலத்திலேயே, கி.பி. 1088இல், சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் பாருஸ் நகரையடுத்த லோபு துவாவில் தமிழ் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். இன்றைய இந்தோனேசிய மண்ணில் தமிழ் எழுத்து நின்ற இடம் அது. ஒன்பது நூற்றாண்டுக்குப் பின் மற்றொரு குலோத்துங்கன் தஞ்சையினின்று அந்நாடு சென்றான் என்பது தற்செயலே. அதில் பெருமை கொண்டாடிக் காலத்தைக் கழிக்க வேண்டுவதில்லை. அக்கல்வெட்டைப் பொறித்தவர்கள் மன்னர்கள் அல்லர், தொழில் தேடிக் கடல் கடந்த மக்கள் என்பதே நாம் உற்று நோக்கத்தக்கது. கொல்கத்தாவுக்கு ஆடச் சென்ற தஞ்சை இளைஞரும், குமாசியையும் லாகோசையும் போன்ற நகரங்களிலிருந்து புறப்படும் ஆப்பிரிக்க இளைஞரும் அம்மக்களின் வழியினரே.

முதற் குலோத்துங்கனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட கலிங்கத்துப்பரணியிலும் நமக்கொரு பாடம் உண்டு. களத்தில் நின்று படை நடத்திய கருணாகரத் தொண்டைமானை செயங்கொண்டார் மறக்கவில்லை. அரசன் புகழ் பாட வந்த நூலில் படைத்தலைவன் பெயரும் நிலைத்தது. அதனினும் சிறந்தது ஒன்று: வென்றவனைப் பாடும் அந்நூலுக்குப் பெயர், தோற்ற நாட்டின் பெயர். தோற்றோர் பெயரால் நூலை வழங்குதல் பரணி மரபு. வெற்றியைப் பாடுகையிலும் எதிர்நின்றவன் பெயரை முகப்பில் வைத்த இலக்கணம் அது. இன்றைய ஆட்ட ஏடுகளில் இத்தகைய பெருந்தன்மையைக் காண்டல் அரிது.

ஈஸ்ட் பெங்காலுக்கும் பின்னர் மோகன் பகானுக்கும் ஆடிய குலோத்துங்கன், 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தஞ்சாவூரில் நிகழ்ந்த சாலை விபத்தில் இறந்தார். நாற்பதை ஒட்டிய அகவை. கொல்கத்தாவில் அவரை அறிந்தோர் வருந்தினர். தமிழ்க் கவிஞர் எவரேனும் ஓர் இரங்கற்பா பாடினரா என்று தேடினேன். என் கண்ணுக்கு எட்டவில்லை. என் அண்ணன் அன்று தொலைபேசியில் அழைத்து, “அந்தத் தஞ்சாவூர்க்காரர் போயிட்டாராம்மா” என்று மட்டும் சொன்னார். எந்தத் தஞ்சாவூர்க்காரர் என்று நான் கேட்டேன். அக்கேள்விக்காக இன்றளவும் நாணுகிறேன். வேலியோரம் நின்று ஆட்டம் பார்த்து வளர்ந்தவள், பெருங்காப்பிய மாந்தர் பெயரெல்லாம் மனப்பாடமாகச் சொல்பவள், தன் காலத்துத் தமிழ்வீரன் ஒருவன் பெயரை அறியாதிருந்தேன்.

அரவான் கண்ட போர்

மாணவனின் வினாவுக்கு இனி வருகிறேன். வடமொழிப் பாரதத்தில் அரவான் போரின் நடுவே பொருது மடிகிறான். போர்க்கு முன் அவன் களப்பலியாகும் செய்தியைத் தமிழில் முதலில் தருவது ஒன்பதாம் நூற்றாண்டின் பெருந்தேவனார் பாரதம். பாண்டவர் வெற்றிக்காகத் தன்னைத் தந்தவன், பதினெட்டு நாட் போரையும் தன் வெட்டுண்ட தலையால் காண வரம் பெற்றான் என்பது நம் நாட்டார் வழக்கு. முன்பு விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய கூவாகத்தில், சித்திரை முழுநிலவில் அவனுக்காகத் தாலி கட்டித் தாலி அறுத்து அழுவோர் எத்துணைப் பேர் என்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

வெற்றி பெற்றோர் பட்டியலில் அரவான் இல்லை. முடி சூட்டு விழாவிலும் இல்லை. ஆயினும் போர் முழுவதையும் கண்ட சான்று அவனே என்று நம் முன்னோர் வகுத்தனர். வென்றவர் தம் செயலைத் தாமே உரைத்தால் அது தற்புகழ்ச்சி. பட்டியலில் இடம்பெறாதவன் கண்டு உரைத்தால் அது வரலாறு. எனவே மாணவனுக்கு மறுநாள் நான் கூறிய விடை இதுவாயிற்று: எல்லா ஆட்டத்திலும் அரவான் உண்டு, காயம்பட்டு வெளியே அமர்ந்து முழு ஆட்டத்தையும் பார்ப்பவன் அவன். நாம் அவனிடம் சென்று கேட்பதில்லை, அவ்வளவே.

இந்தியக் கழகங்கள் பின்னும் கடல் கடந்தன. 2016இல் பெங்களூரு கழகம் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று, ஈராக்கின் விமானப் படைக் கழகத்திடம் 0–1 எனத் தோற்றது. 2019இல் சென்னையின் எப்.சி. அதே கோப்பையில் ஆடியது. தன் ‘உள்ளூர்’ ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆட நேர்ந்தது. ஊர்ப்பெயர் சட்டையில் இருக்க, ஊர் மக்கள் அரங்கில் இல்லாத பருவம் அது. அதே ஆண்டில் மதுரையின் சேது எப்.சி. இந்திய மகளிர் குழுப்போட்டியில் வாகை சூடியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. நமக்கு அண்டை ஊரான கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். தண்ணீர்ச் செம்புடன் வேலிக்கு வெளியே நின்ற தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, வேலிக்கு உள்ளே நிற்கிறது. இவர்களுடைய பெயர்களையாவது நாம் காலத்தே எழுதி வைப்போமா?

நம் பதிவேடு

கட்டுரையை முடிக்கும் முன் நம் வட்டத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இம்மலருக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்ட எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பரிசு பெற்ற கவிதைகளின் பெயர்ப்பட்டியல் சீராக உள்ளது. தலைமையேற்றோர், சிறப்புரை ஆற்றியோர், பொன்னாடை பெற்றோர் பெயர்களும் உள்ளன. ஒரே ஒருமுறை வந்து, நடுங்கும் குரலில் ஒரு கவிதை படித்து, பிறகு வராமற் போனவர்களின் பெயர்கள் இல்லை. நாற்காலி எடுத்துப் போட்டவர், தேநீர் கொணர்ந்தவர், கூட்டத்துக்கு இடம் தந்துவிட்டுக் கதவருகே நின்று கேட்டவர் ஆகியோர் பெயர்களும் இல்லை. ‘மற்றும் பலர்’ என்னும் இரு சொற்களில் அவர்கள் அனைவரும் அடங்கியுள்ளனர்.

மற்றும் பலர் என்பது எவ்வளவு கொடிய தொடர் என்பதை இக்கட்டுரை எழுதும்போதுதான் உணர்ந்தேன். சைலேஷ் போஸ் என்னும் ஒருவர் பெயர் பட்டியலில் இல்லாமற் போனதற்காக ஒரு கழகமே பிறந்தது. அக்கழகத்தார் அவர் பெயரை இன்றும் சொல்கின்றனர். நம்மிடையே விடுபட்டவர்க்காகப் புதுக் கழகம் ஏதும் காண வேண்டியதில்லை. நினைவில் உள்ளோர் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்தோர் எழுதினால் போதும். இம்மலரின் இறுதியில் இரண்டு பக்கங்களையேனும் அதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். அதில் பிழை நேரலாம். சிலர் மீண்டும் விடுபடலாம். அவர்களுக்காக ஓரத்தில் சிறிது வெற்றிடம் விட்டு அச்சிடுவோம். படிப்போர் கையில் பென்சில் இருக்கும்.

அண்ணன் இன்று ஊரில் வேளாண்மை செய்து வருகிறார். ஏட்டை அவரிடம் கொடுத்தபோது பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, “இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க?” என்றார். பிறகு ஜகார்த்தாப் பக்கத்தில் விரலை வைத்துச் சற்று நேரம் அமர்ந்திருந்தார். அவர் பள்ளி அணி கோப்பை வென்ற ஆண்டின் பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் என் கையால் அவர் பெயரையும், அவர் நின்ற இடத்தையும் எழுதினேன்: கோல் காப்பாளர்.

வாழ்க நம் வட்டம். நிறைக அதன் பதிவேடு.